தேயிலைப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டர்

அல்போன்சம்மாளின் இட்லிக் கொப்பரையைக் காணவில்லை. காணவில்லை என்று சொல்வதும் சரியல்ல; அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கூடத்து மூலையில் முக்காலி மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளே அவள் கணவர் சவரிராஜின் புது டிரான்சிஸ்டர் பாதி புதைந்து கிடந்தது. எதிரே சவரிராஜ் தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூசை நேரத்தில்கூட அவர் இவ்வளவு பக்தியாகக் கண்ணை மூடி அவள் பார்த்ததில்லை.

மாவு புளித்துத் தயாராக இருந்தது. தட்டு இருக்கிறது, துணி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கொப்பரை மட்டும் ரேடியோ கேட்கப் போய்விட்டது. இந்த அநியாயம் வேறு எந்த வீட்டிலாவது நடக்குமா என்று அவள் வாய்விட்டே கேட்டாள். சவரிராஜ் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்துக் காட்டினார்.

இத்தனைக்கும் கொப்பரைக்குள் பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. கொர்ரென்று இரைச்சல்தான் வந்தது. வெளியே எடுத்தால் பாட்டு வருகிறது, உள்ளே இறக்கினால் நிலையமே ஓடிப்போகிறது. மழை மேகம் கூடியிருக்கிறது, அதனால்தான் என்று சவரிராஜ் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே குவீன்ஸ்டவுன் பேட்டை முழுக்க வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அதே டிரான்சிஸ்டரை அவளுடைய மீன் குழம்புச் சட்டிக்குள் வைத்தார். மண்சட்டிக்குள் பாட்டு நன்றாக வந்தது. அலுமினியத்துக்குள் வராதது மண்ணுக்குள் வருகிறதே என்று அல்போன்சம்மாள் யோசித்தாள். அவர் யோசிக்கவில்லை. மேகம் கலைந்துவிட்டது என்றார்.

இந்தக் கூத்து ஆரம்பித்தது வீடு மாறியதிலிருந்து. அறுபத்திரண்டாம் வருஷம் அவர்களுக்குக் குவீன்ஸ்டவுனில் அரசாங்க அடுக்குமாடி பிளாட் கிடைத்தது. அதற்கு முன்னால் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில், ஒரே அறையில் குடியிருந்தார்கள். கீழே கடைக்காரர் ஆளுயரப் பழைய ரேடியோ ஒன்றை வைத்திருந்தார். அதில் மிருதங்கம் அடித்தால் மாடிப் பலகை அதிரும். பிளாட்டுக்கு வந்த பிறகு தண்ணீர் வந்தது, விளக்கு வந்தது, தனிக் குளியலறை வந்தது. சவரிராஜுக்கு அந்த அதிர்வு மட்டும் குறையாக இருந்தது.

அந்தக் குறை தீர சிராங்கூன் ரோட்டிலேயே ஒரு கடையில் ஜப்பான் டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கி வந்தார். கையில் தூக்கிக்கொண்டு போகலாம், வயர் வேண்டாம், பேட்டரி போட்டால் போதும். கடையில், பஸ் சத்தத்துக்கும் வியாபாரச் சத்தத்துக்கும் நடுவே, அது கம்பீரமாகத்தான் பாடியதாம். வீட்டில் கொண்டுவந்து மேசை மேல் வைத்ததும் கொசு பாடுவதுபோல இருந்தது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த ஸ்பீக்கர் சின்ன அப்பளம் அளவுக்குத்தான் இருந்தது.

மகள் ஜோன் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் படிக்கிறவள். அவள் பார்த்துவிட்டு, "அப்பா, சின்ன ஸ்பீக்கர்னா சின்ன சவுண்டுதான் லா," என்று உள்ளூர்ப் பேச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சவரிராஜ் துறைமுகக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறவர். அங்கே ஒருவர் விடாமல் எல்லோரிடமும் தன் டிரான்சிஸ்டரைப் பற்றிப் பீற்றியிருந்தார். இனி அது நன்றாகப் பாடித்தான் ஆக வேண்டும். கிடங்கில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மூலையில் வை, சத்தம் கூடும் என்றார் ஒருவர். மரத்தின் மேல் வை என்றார் இன்னொருவர். பானைக்குள் வைத்தால் மிருதங்கம் தனியாகக் கேட்கும் என்று மூன்றாமவர் சொன்னார், அவர் நாசமாய்ப் போக. அன்றிலிருந்து அல்போன்சம்மாளின் அடுப்படி காலியாக ஆரம்பித்தது.

சட்டியில் பாட்டு வந்தாலும் அதிர்வு போதவில்லையாம்; அடுத்தது பிஸ்கட் டின். அது கிடுகிடுவென்று ஆடியது. பிறகு மேசை இழுப்பறை. பிறகு துணி அலமாரி. அதில் டிரான்சிஸ்டரை அவளுடைய கோயில் சேலைகளுக்கு நடுவே வைத்து, தன் தலையையும் உள்ளே விட்டுக்கொண்டு கேட்டார். அரிசி டிரம்மைக் காலி செய்து அதையும் பார்த்தார். வீட்டுச் சாமான்கள் தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய், ரஷீதாவிடம் பெரிய தேக்சாவைக் கேட்டிருக்கிறார். வீட்டில் ஏதோ விசேஷம், பிரியாணி ஆக்கப் போகிறார்கள் என்று நினைத்து அவளும் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவள் அல்போன்சம்மாளிடம் வந்து, "அக்கா, எங்க வீட்டு மனுஷன் சீட்டாடுறாரேன்னு அழுதுட்டிருந்தேன். இனிமே அழ மாட்டேன்," என்றாள். அல்போன்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாத்திரம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அவளால் பொறுக்க முடியாதது வேறொன்று. அவளுக்கு வேலை செய்யும்போது பாடுகிற வழக்கம். வெங்காயம் நறுக்கும்போதும், துணி அலசும்போதும், தன்னை அறியாமல் ஒரு ஞானப்பாட்டு வாயில் ஓடும். டிரான்சிஸ்டர் வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தால் கூடத்திலிருந்து குரல் வரும்: "அல்போன்சு, கொஞ்சம் நிறுத்து. அடிச்சத்தம் கேக்கல." மிருதங்கத்தின் கனத்த அதிர்வைத்தான் அவர் அடிச்சத்தம் என்பார். அவள் நிறுத்துவாள். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய்த் திரும்ப ஆரம்பிப்பாள். மறுபடியும் அதே குரல் வரும். சொந்த வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சமைக்க வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் அதே வானொலியில் அவள் பாடியிருந்தாள்.

லூர்து மாதா கோயில் பாடற்குழுவைக் கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்குப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். பாட்டைக் கட்டியவர் குழுவை நடத்திய எட்மண்ட் மாஸ்டர். பாட்டின் நடுவில் மாதா குழந்தையைத் தூங்க வைக்கிற தாலாட்டு ஒன்று வரும். அதை ஒரே குரல்தான் பாட வேண்டும் என்று மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். இங்கிலீஷ் பள்ளியில் சங்கீதம் கற்ற பெண்களெல்லாம் குழுவில் இருந்தார்கள். மாஸ்டர் அவர்களை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் நின்ற அல்போன்சம்மாளைக் கைகாட்டினார்.

கால்டிகாட் குன்றில் இருந்த வானொலி நிலையத்துக்கு எல்லோரும் பஸ் பிடித்துப் போனார்கள். சத்தமே எழும்பாத ஓர் அறை. சிவப்பு விளக்கு எரிந்ததும் பாடினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்த ஆள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். பாடியதைத் திரும்பப் போட்டுக் காட்டுவார்களா என்று அல்போன்சம்மாள் மாஸ்டரிடம் கூச்சத்தோடு கேட்டாள். அதற்கெல்லாம் நேரமில்லை, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுவார்கள், ஒரே ஒரு தடவைதான், வீட்டில் கேட்டுக்கொள் என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், போட்டோவிலும் பார்த்திருக்கிறாள். தன் குரலை மட்டும் அவள் வெளியே நின்று கேட்டதில்லை. நல்ல குரல் என்று ஊர் சொல்கிறது, மாஸ்டர் சொல்கிறார், உண்மையா, மரியாதைக்குச் சொல்கிறார்களா என்று அவளுக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். பிறகு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தாலாட்டை நான்தான் தனியாகப் பாடினேன் என்று புருஷனிடம் சொன்னாள். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. முதல் தடவை அவர் தலை துணி அலமாரிக்குள் இருந்தது. இரண்டாவது தடவை அரிசி டிரம்முக்குள். இரண்டு தடவையும் உள்ளிருந்து "ம்ம்" என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை சொல்ல அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

கிறிஸ்மஸ் நெருங்கியபோது சவரிராஜ் கிடங்கிலிருந்து ஒரு காலித் தேயிலைப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார். மெல்லிய பலகையால் செய்த பெரிய பெட்டி, உள்ளே ஈயத்தாள் உரிந்துபோய் வெறும் பலகையாக இருந்தது. அதைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே ஒரு துண்டை மடித்துப் போட்டு, டிரான்சிஸ்டரை வெளியே பார்த்தபடி வைத்தார். குமிழைத் திருகினார்.

உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். பாட்டு நன்றாக இருந்தது. கொசு போய் மனுஷன் பாடுவதுபோல இருந்தது. தபேலா கும்மென்று நெஞ்சில் வந்து விழுந்தது. ஜோன்கூடப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து கேட்டாள். சவரிராஜுக்கு வாயெல்லாம் பல். அல்போன்சம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள். கொப்பரையையும் சட்டியையும் தேய்த்துப் பழைய இடத்தில் வைத்தாள். கிறிஸ்மஸ் பாட்டும் இதில் அழகாகக் கேட்கும் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டாள்.

அந்த மனுஷன் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

அவர் யோசனை இன்னும் பெரிதாகப் போயிருந்தது. அந்தத் தேயிலைப் பெட்டியையே இந்த வருஷம் கிறிஸ்மஸ் குடிலாக்கிவிடுவதாம். முன்னால் வைக்கோல் பரப்பி மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடுமாடு, ஒட்டகம். பின்னால் வைக்கோலுக்குள் யாருக்கும் தெரியாமல் டிரான்சிஸ்டர். ஏழு மணிக்குக் குமிழைத் திருகினால் குடிலுக்குள்ளிருந்தே வானத்துச் சம்மனசுகள் பாடுவதுபோலப் பாட்டு எழும்பும். இதைக் கேட்க மாடி முழுவதையும் கூப்பிட்டார். கிடங்கு ஆட்களையும் கூப்பிட்டார்.

எனக்குப் பாட்டு கேட்டால் போதும், மேசை மேலேயே வையுங்கள் என்று அல்போன்சம்மாள் மன்றாடிப் பார்த்தாள். உங்கள் கோயில் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடுபடுகிறேன் என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் செய்தாலாவது சண்டை போடலாம்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் அவள் தேக்கா மார்க்கெட்டுக்கு ஆட்டிறைச்சி வாங்கப் போனாள். பஸ்ஸில் இடித்துப் பிடித்துத் திரும்பி வந்தபோது பெட்டியின் உட்புறமெல்லாம் பளபளவென்று மின்னியது. கிடங்கில் உடைந்த பெட்டிகளிலிருந்து உரித்த ஈயத்தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து, மேலே, கீழே, பக்கங்களில், பின்னால் என்று ஓர் இடம் விடாமல் பசை போட்டு ஒட்டியிருந்தார். பெத்லகேம் வானமாம். டிரான்சிஸ்டர் அதற்குள்ளே வைக்கோலில் பத்திரமாகப் படுத்திருந்தது.

அவளுக்கு அந்த நிமிஷமே கொப்பரை ஞாபகம் வந்தது.

"இந்தாங்க, இப்ப ஒரு தடவை போட்டுப் பாருங்க," என்றாள்.

"புது பேட்டரி. சும்மா போட்டுத் தீர்த்துட முடியாது. ஏழு மணிக்குத்தான்."

"கொப்பரைக்குள்ள வச்சப்போ ஸ்டேஷனே வரலையே. இதுவும் அந்த மாதிரி ஆயிட்டா?"

"அது மழைன்னு சொன்னேன்ல."

அவள் இன்னும் பேசியிருப்பாள். அடுப்பில் வெங்காயம் தீய்கிற வாசனை வந்தது. போய்க் கிண்டிவிட்டு வருவதற்குள் அவர் குடிலுக்கு மேலே தொங்கவிடக் காகித நட்சத்திரம் வாங்கக் கிளம்பிப் போய்விட்டார். அவர் இல்லாதபோது தானே குமிழைத் திருகிப் பார்க்கலாமா என்று குடில் முன்னால் நின்றாள். பசை காயவில்லை, யாரும் கை வைக்கக் கூடாது என்று அவர் ஒரு அட்டையில் எழுதி வேறு மாட்டியிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. ரஷீதா பிள்ளைகளோடு வந்திருந்தாள். கிடங்கு ஆட்கள் சலவைச் சட்டையில் வந்திருந்தார்கள். பானை யோசனை சொன்ன ஆளும் அதில் ஒருவர். இடம் போதாமல் சிலர் காரிடாரில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஜோன் எல்லோருக்கும் கேக்கும் கலர் தண்ணியும் கொடுத்தாள். சவரிராஜ் குடிலுக்குப் பக்கத்தில் நின்று, சின்ன ஸ்பீக்கரிலிருந்து பெரிய சத்தம் வரவழைப்பது எப்படி என்று ஒரு பிரசங்கமே செய்தார். அல்போன்சம்மாளின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

ஏழு மணி. சவரிராஜ் வைக்கோலுக்குள் கையை விட்டு, மந்திரவாதி மாதிரி ஒரு தடவை சபையைப் பார்த்துவிட்டு, குமிழைத் திருகினார்.

கொர்ர்ர்ர்.

சவரிராஜ் சிரித்தார். இன்னும் கொஞ்சம் திருகினார். கொர்ர்ர்ர் பெரிதானது. தேயிலைப் பெட்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. இரைச்சலை அடிவயிற்றிலிருந்து கும்மென்று எடுத்துக் கொடுத்தது. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். ஒருவர் விளக்கை அணைக்கச் சொன்னார். பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருப்பார் என்றார் இன்னொருவர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல, அறிவிப்பாளர் லூர்து மாதா கோயில் பாடற்குழு என்று சொல்வது அல்போன்சம்மாளுக்குக் கேட்டது. பிறகு ஹார்மோனியம்.

முதல் அடி போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாவது அடி முடிந்தால் தாலாட்டு. ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள். இந்த மனுஷன் வைக்கோலை மெதுவாக ஒதுக்கி, ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார், சிலை உடைந்துவிடுமாம்.

அல்போன்சம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். பசை காயவில்லை என்று அவர் ஏதோ சொன்னார். அவள் கேட்கவில்லை. வளையல் போட்ட கையைக் குடிலுக்குள் முழங்கைவரை விட்டாள். ஒட்டகம் சாய்ந்தது. சூசையப்பர் உருண்டு கேக் தட்டுப் பக்கம் போனார். ஈயத்தாள் பரபரவென்று கிழிந்தது. டிரான்சிஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு காரிடாருக்கு வந்தாள். கைப்பிடிச் சுவரோரம் நின்று அதை இப்படியும் அப்படியும் திருப்பினாள். இரைச்சல் சட்டென்று விலகியது.

ஹார்மோனியம் அடங்கிவிட்டிருந்தது. தாலாட்டு ஆரம்பித்தது.

அதை எல்லோருக்கும் கேட்கும்படி அவள் உயர்த்திப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இத்தனை நாள் கோபம் அவளுக்குள் இருந்தது. அந்தச் சின்ன அப்பள ஸ்பீக்கரைத் தன் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

முதலில் யாரோ பாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். அவள் நினைத்திருந்ததைவிடக் குரல் மெல்லியதாக இருந்தது. ஓர் இடத்தில் மூச்சு வாங்கியது, அந்த இடம் அவளுக்கு நினைவிருந்தது. பிறகு மேலே போகிற வரி வந்தது. குரல் தடுமாறாமல் மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, குழந்தை எழுந்துவிடாதபடி இறங்கி வந்தது. நல்ல குரல்தான். யாரும் மரியாதைக்குச் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கூடத்தில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டது கீழே ரோட்டில் போகிற பஸ் சத்தம் மட்டும்தான். ஜோன் மெதுவாக, "இப்ப வர்றது அம்மா மட்டும் தனியா பாடுற இடம்," என்று ரஷீதாவிடம் சொன்னாள். அது சவரிராஜுக்கும் கேட்டது.

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் நன்றி சொன்னதும் அல்போன்சம்மாள் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தாள். காதில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. சவரிராஜ் கையில் ஓர் ஆட்டுக்குட்டியோடு எதிரே நின்றார்.

"நீயா தனியா பாடுன? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"ரெண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை உங்க தலை அலமாரிக்குள்ள இருந்துச்சு, ஒரு தடவை அரிசி டிரம்முக்குள்ள இருந்துச்சு."

கிடங்கு ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. சவரிராஜ் ஆட்டுக்குட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "எங்க யாருக்குமே கேக்கலையே. இப்ப ஒரு தடவை பாடேன், அல்போன்சு. எல்லாரும் வந்திருக்காங்க."

"கல்யாணம் ஆனதிலிருந்து உங்களுக்குப் பத்தடி தள்ளித்தான் நின்னு பாடிட்டிருந்தேன். நீங்கதான் அடிச்சத்தம் கேக்கலன்னு நிறுத்தச் சொன்னீங்க," என்றாள். டிரான்சிஸ்டரை அவர் கையில், ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வந்தவர்கள் மீதிக் கேக்கைச் சாப்பிட்டு, கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லி, ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். பானை யோசனை சொன்ன ஆள்தான் முதலில் போனார். சவரிராஜ் தரையில் உட்கார்ந்து சூசையப்பரை நிமிர்த்தினார், ஒட்டகத்தை நிமிர்த்தினார், கிழிந்து தொங்கிய பெத்லகேம் வானத்தை உரித்து எடுத்தார். பக்கத்தில் டிரான்சிஸ்டர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது.

அடுப்படியில் அல்போன்சம்மாள் மறுநாள் இறைச்சிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மிச் சத்தத்தோடு தாலாட்டு தானாக வாயில் வந்தது. மேலே போகிற வரிக்கு வந்தபோதுதான் தான் பாடுகிறோம் என்று உறைத்தது. வழக்கம்போலக் கூடத்திலிருந்து குரல் வரும் என்று நிறுத்திக்கொண்டாள்.

குரல் வரவில்லை. டக்கென்று ஒரு குமிழ் திரும்புகிற சத்தம் வந்தது. செய்தி நின்றது.

அவள் அம்மியில் இருந்த மசாலாவை வழித்து ஒதுக்கினாள். கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ரஷீதா வீட்டுத் தேக்சா இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது, அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நாளைக்குக் கேட்க வேண்டும். விட்ட வரியை மறுபடி எடுத்துப் பாடினாள். முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாகவே பாடினாள்.